ஓவர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவர்: கோளாறு டிஸ்க்கிலா, கையிலா, காற்றிலா?

"ஃபயர்பேர்ட் ஒன்று வாங்கிப் பையில் போட்டுக்கொள், காற்றுக் கவலையே இருக்காது" என்று டிஸ்க் கோல்ஃபில் கூட விளையாடுபவர் யாராவது சொல்வார். கோல்ஃப் மாதிரியே, ஆனால் பந்துக்குப் பதில் டிஸ்க்கை (தட்டை) வீசிக் கூடையில் போடும் ஆட்டம் அது; ஃபயர்பேர்ட் அதில் தூரமாக வீசுவதற்கான ஃபேர்வே டிரைவர் ரக டிஸ்க். நம்பி வாங்கி, முதல் வீச்சுக்கான இடமான டீயில் நின்று முழு வேகத்தில் வீசினால், 150 அடி தாண்டுவதற்குள் இடப்பக்கம் சரிந்து புதருக்குள் போய் உட்காரும். இது சரிப்படவில்லை என்று ஃபெலான், அதுவும் சரிப்படவில்லை என்று ராப்டர். பை கனக்கிறதே தவிர ஸ்கோர் இறங்குவதில்லை.

ஓவர்ஸ்டேபிள் டிஸ்க்குக்கு வேலை ஒன்றுதான்: நடுவில் என்ன நடந்தாலும் கடைசியில் இடப்பக்கம் வந்து முடிவது. அதை அது செய்யவில்லை என்றாலோ, வேண்டிய நேரத்துக்கு முன்பே செய்துவிட்டது என்றாலோ காரணம் கையில் இருக்கலாம், காற்றில் இருக்கலாம், அந்தக் குறிப்பிட்ட டிஸ்க்கிலும் இருக்கலாம். மூன்றில் எது என்று தெரியாமல் அடுத்த டிஸ்க்குக்குக் காசு கொடுக்க வேண்டாம். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போய்ப் படிக்கலாம்.

எல்லாம் வலக்கை பேக்ஹேண்டை (கையை உடலுக்குக் குறுக்கே கொண்டுபோய் வீசுவதை) வைத்து எழுதியது. இடக்கைக்காரர்களும் வலக்கையால் ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கை முன்னால் இருக்கும்படி, உடலுக்கு அதே பக்கத்திலிருந்து) வீசுபவர்களும் இடம், வலம் இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். டிஸ்க்கின் மேலே அச்சிட்டிருக்கும் நான்கு எண்கள் வரிசையாக ஸ்பீட், கிளைட், டர்ன், ஃபேட். ஃபயர்பேர்டுக்கு 9/3/0/4. அதாவது நல்ல வேகம் கேட்கும், அதிகம் மிதக்காது, வேகமாகப் போகும்போது வலப்பக்கம் திரும்பாது, வேகம் குறைந்ததும் இடப்பக்கம் பலமாக இழுக்கும். டர்ன் 0 அல்லது அதற்கு மேல், ஃபேட் 3 அல்லது அதற்கு மேல் என்றால் ஓவர்ஸ்டேபிள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு இன்னொரு டிஸ்க்கும் வேண்டும். டீபேர்ட் (7/5/0/2) இருந்தால் அது, இல்லையென்றால் பஸ் (5/4/-1/1) மாதிரி ஒரு மிட்ரேஞ்ச் (டிரைவரைவிட மெதுவான, நடுத்தூர டிஸ்க்) போதும். இது இல்லாமல் கீழே சொல்லும் பாதிச் சோதனைகளைச் செய்ய முடியாது.

மேலே ஏறுகிறது, ஒரு கணம் நிற்கிறது, அப்படியே இடப்பக்கம் சரிகிறது

முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் பிரச்சினை, இது டிஸ்க்கின் குற்றமே இல்லை. டிஸ்க்கின் முன்விளிம்பு, அதாவது நோஸ், மேலே தூக்கியபடி கையை விட்டுப் போகிறது.

என்ன நடக்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் மற்ற எல்லா அறிகுறிகளும் எளிதாகிவிடும். வலக்கை பேக்ஹேண்டில் டிஸ்க் மேலிருந்து பார்க்கும்போது கடிகாரத் திசையில் சுழல்கிறது. வேகமாக, காற்றை நேராகக் கிழித்துக்கொண்டு போகும்போது தூக்குவிசை நடுமையத்துக்குச் சற்றுப் பின்னால் விழுந்து முன்விளிம்பைக் கீழே தள்ளப் பார்க்கும். ஆனால் சுழலும் பொருள் தள்ளிய பக்கம் சாயாது, அதற்கு 90 டிகிரி தள்ளித்தான் சாயும். அதனால் டிஸ்க் வலப்பக்கம் சாய்கிறது, அதுதான் டர்ன். வேகம் குறைந்து முன்விளிம்பு காற்றுக்கு எதிராக நிமிரத் தொடங்கியதும் அதே விசை மையத்துக்கு முன்னால் நகர்ந்து முன்விளிம்பை மேலே தூக்கப் பார்க்கிறது, டிஸ்க் இடப்பக்கம் சாய்கிறது. அதுதான் ஃபேட். இப்போது யோசியுங்கள், நோஸைத் தூக்கியபடியே விட்டால் முதல் அடியிலிருந்தே ஃபேட் நிலையில் பறக்கவிட்டதாகத்தானே ஆகும்? அதையும் ஃபேட் 4 போட்ட டிஸ்க்கில் செய்தால் புதர்தான்.

உறுதிப்படுத்த டீபேர்டையோ மிட்ரேஞ்சையோ அதே மாதிரி வீசுங்கள். அதுவும் ஏறி, நின்று, இடப்பக்கம் விழுந்தால் கடைக்குப் போக வேண்டாம். போனைப் பக்கவாட்டில் நிறுத்தி, மெதுவாக ஓடும் வீடியோ எடுங்கள். பின்னால் இருந்து எடுத்தால் ஹைசர் கோணம் (டிஸ்க்கின் இட விளிம்பு கீழே சாய்ந்திருப்பது) மட்டும்தான் தெரியும், நோஸ் கோணம் தெரியாது. கையை விட்ட மறுநொடிப் படத்தில் டிஸ்க்கின் அடிப்பகுதி முன்னாலிருந்து பார்ப்பவருக்குத் தெரியும்படி நிமிர்ந்திருந்தால் அதேதான்.

சரி, எப்படிச் சரிசெய்வது? முதலில் ஓட்டமில்லாமல் நின்ற இடத்திலிருந்து வீசுங்கள், வீசும்போது உடல் எடை முன்காலில் இருக்கட்டும். தூரம் வேண்டும் என்ற ஆசையில் பின்காலில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்து வீசுவதுதான் பலரிடம் நோஸைத் தூக்கிவிடுகிறது. அடுத்தது மணிக்கட்டு. கைகுலுக்க நீட்டிய கை எப்படி இருக்குமோ அந்த நிலையில், சுண்டுவிரல் பக்கமாக மணிக்கட்டைச் சற்றே கீழே இறக்கிப் பிடியுங்கள். முதலில் டிஸ்க் நேராகத் தரையில் குத்தும், பயப்படாதீர்கள், அது நல்ல அறிகுறி. அதன் பிறகு தோள் உயரத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும். உயரம் முழு வீச்சின் கோணத்திலிருந்து வர வேண்டும், நோஸைத் தூக்குவதிலிருந்து வரக்கூடாது. இது பழகுவதற்கு ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் உண்மையிலேயே நல்ல வாத்தியார். எளிதில் வலப்பக்கம் திரும்பும் அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் உங்கள் நோஸ் தவறை ஓரளவு மூடி மறைத்துவிடும், இது மறைக்காது.

ஏறவில்லை, தாழ்வாகத்தான் போகிறது, ஆனாலும் சீக்கிரமே சரிகிறது

இது வேகப் பற்றாக்குறை. டீபேர்ட் நேராகப் போய்க் கடைசியில் மெல்ல இடப்பக்கம் முடிகிறது, ஃபயர்பேர்ட் மட்டும் பாதி வழியிலேயே விழுகிறது என்றால் கை சரி, டிஸ்க் கேட்கும் வேகம் உங்களிடம் இன்னும் வரவில்லை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஸ்பீட் எண்ணைக் குறைத்தால் போதும்.

பான்ஷீ 7/3/0/3. ஈகிள் 7/4/-1/3, இன்னும் கொஞ்சம் மன்னிக்கும் குணம் உள்ளது. மிட்ரேஞ்சை நேராக 250 அடி போடும் வரை இந்த இரண்டில் ஒன்று போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் வந்தால் ஃபயர்பேர்டை எடுங்கள். ஃபெலான் (9/3/0.5/4) அதைவிடப் பிடிவாதக்காரன், அவசரமில்லை. கிராம் குறைந்த டிஸ்க்கும் ஒரு வழிதான். 165 கிராம் ஃபயர்பேர்ட் 175 கிராமைவிடக் கொஞ்சம் அதிகம் மிதக்கும், ஆனால் காற்று வீசும் நாளில் அதை நம்ப முடியாது, எதற்காக வாங்கினோமோ அதுவே போய்விடும்.

இதோடு இன்னொன்று: "என் மற்ற டிரைவரைவிட 40 அடி குறைவாகப் போகிறது" என்பது கோளாறு இல்லை. கிளைட் 3 என்றால் அப்படித்தான். தூரம் வேண்டும், ஆனால் கடைசியில் நம்பிக்கையான இடப்பக்க முடிவும் வேண்டும் என்றால் நீங்கள் தேடுவது தண்டர்பேர்ட் (9/5/0/2). அதைச் சிலர் ஓவர்ஸ்டேபிள் என்றே சொல்வார்கள், எனக்கு அது காற்றைக் கொஞ்சம் தாங்கும் நேர் டிஸ்க்.

எதிர்க்காற்றில் வலப்பக்கம் திரும்பி, வராமலே போய்விடுகிறது

காற்று எதிரே மணிக்கு 15 மைல் வேகத்தில் அடித்தால், டிஸ்க்கைப் பொறுத்தவரை நீங்கள் 15 மைல் கூடுதல் வேகத்தில் வீசியதற்குச் சமம். மேலே சொன்ன டர்ன் அப்போது அதிகமாகும், அண்டர்ஸ்டேபிள் டிஸ்க் முழுசாகப் புரண்டுவிடும். ஓவர்ஸ்டேபிள் டிஸ்க் பையில் இருப்பதே இதற்குத்தான். அதுவே புரண்டால் மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலாவது தள்ளாட்டம். கையை விட்டதும் டிஸ்க் படபடவென்று ஆடிக்கொண்டு போகிறதா என்று பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எதிர்க்காற்று என்றதும் எல்லோரும் கூடுதல் பலத்தைப் போடுகிறார்கள், மணிக்கட்டு புரள்கிறது, டிஸ்க் சுழலும் தளமும் வீசிய தளமும் ஒன்றாக இல்லாமல் போகின்றன. தள்ளாடும் டிஸ்க் எவ்வளவு ஓவர்ஸ்டேபிளாக இருந்தாலும் வலப்பக்கம் போகும். எதிர்க்காற்றில் எழுபது எண்பது சதவீத பலம் போதும். தாழ்வாக, லேசான ஹைசரில் விடுங்கள்.

இரண்டாவது தேய்மானம், அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன். மூன்றாவதாக எடை. பிடிஜிஏ (தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கம்) விதிப்படி விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் வரை அனுமதி உண்டு, அதனால்தான் 21.1 செ.மீ. விட்டமுள்ள டிரைவர்கள் 175 கிராமில் நின்றுவிடுகின்றன. காற்றுக்கான டிஸ்க் என்றால் 173 முதல் 175 கிராமுக்குள் எடுங்கள்.

பின்காற்றில் இதற்கு நேர் எதிர். வேகம் குறைந்தாற்போல் டிஸ்க் சீக்கிரமே விழும். பின்காற்று நன்றாக அடிக்கும் நாளில் ஃபயர்பேர்ட் கைக்கு வந்தால் அதைப் பையிலேயே விட்டுவிட்டு லெப்பர்ட் (6/5/-2/1) மாதிரி ஒன்றை எடுங்கள்.

மேலே அச்சிட்ட எண் ஒன்று, பறப்பது வேறொன்று

கையும் சரி, காற்றும் இல்லை, வேகமும் இருக்கிறது, ஆனாலும் ஓவர்ஸ்டேபிள் என்று வாங்கியது கிட்டத்தட்ட நேராகப் போகிறது. அல்லது நண்பரின் அதே டிஸ்க் உங்களுடையதைவிட இரண்டு மடங்கு இழுக்கிறது. இப்போதுதான் டிஸ்க்கின் மேல் சந்தேகப்படலாம்.

அந்த நான்கு எண்கள் யாரும் அளந்து சான்றிதழ் கொடுத்தவை இல்லை. ஃபயர்பேர்டைத் தயாரிக்கும் இன்னோவா நிறுவனம் கொண்டுவந்த முறை அது, இப்போது கிட்டத்தட்ட எல்லா நிறுவனமும் தங்கள் டிஸ்க்குக்குத் தாங்களே எண் போட்டுக்கொள்கின்றன. பிடிஜிஏ விட்டம், எடை, விளிம்பு போன்ற அளவுகளைப் பார்த்து அனுமதி தருகிறது, எப்படிப் பறக்கிறது என்று பார்ப்பதில்லை. அதனால் ஒரு நிறுவனத்தின் ஃபேட் 3 இன்னொரு நிறுவனத்தின் ஃபேட் 4 ஆக இருக்கலாம். ஒரே நிறுவனத்துக்குள் ஒப்பிட மட்டும் எண்களை நம்புங்கள்.

ஒரே மாடலுக்குள்ளும் வித்தியாசம் வரும். சூடான பிளாஸ்டிக் அச்சில் ஆறும்போது சுருங்குகிறது, ஒவ்வொரு பிளாஸ்டிக்கும் ஒவ்வொரு விதமாக. அதனால் இன்னோவாவின் சாம்பியன், ஸ்டார், டிஎக்ஸ் என்ற மூன்று பிளாஸ்டிக்கிலும் ஒரே பெயர் போட்டிருந்தாலும் வடிவம் கொஞ்சம் மாறும். பொதுவாகக் கண்ணாடி மாதிரி தெரியும் கெட்டியான சாம்பியன் அதிக ஓவர்ஸ்டேபிள், டிஎக்ஸ் குறைவு, ஸ்டார் நடுவில். டிஸ்கிராஃப்டில் இசட், டைனமிக் டிஸ்க்ஸில் லூசிட் ஆகியவை சாம்பியனுக்கு நிகர்.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் இதைச் செய்யுங்கள். ஒரே மாடலில் இரண்டு டிஸ்க்குகளை எடுத்து, சமமான கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். குனிந்து கண்ணை மேசை மட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். விளிம்பின் வெளி முனையில் அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். அந்தக் கோடு மேசையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று இரண்டையும் ஒப்பிடுங்கள். கோடு உயரமாக இருப்பது அதிக ஓவர்ஸ்டேபிள். வித்தியாசம் மயிரிழைதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்குப் பிடிபடும். பிறகு மேற்பரப்பு: தட்டையாக இருப்பது அதிகம் இழுக்கும், நடுவில் குமிழ் போல் உயர்ந்திருப்பது அதிகம் மிதக்கும். எடைக் குறிப்பைக் கடைசியாகப் பாருங்கள்.

நேட் செக்ஸ்டன் பெயர் போட்ட ஒளிரும் ஃபயர்பேர்டுகளைப் பற்றியும் கேட்பீர்கள். 2017 இல் சவுத் கரோலினாவில் ராக் ஹில்லில் நடந்த யுஎஸ்டிஜிசியை (அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப்பை) வென்றவர் அவர், அவர் டிஸ்க் என்றால் சேகரிப்பவர்கள் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள். வீசத்தான் வேண்டும் என்றால் சாதாரண சாம்பியன் ஃபயர்பேர்ட் போதும், தண்ணீரில் போனாலும் மனசு அவ்வளவு வலிக்காது.

ஃபோர்ஹேண்டில் ஆடிக்கொண்டே போகிறது

ஓவர்ஸ்டேபிள் ஃபேர்வே டிரைவரை நிறையப் பேர் வாங்குவதே ஃபோர்ஹேண்டுக்காகத்தான். ஃபோர்ஹேண்டில் சுழற்சி குறைவாகவும் தள்ளாட்டம் அதிகமாகவும் வருவது இயல்பு, இந்த டிஸ்க் அதைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் தாங்குவது வேறு, சரியாக வீசுவது வேறு. தள்ளாட்டம் கண்ணுக்குத் தெரிகிறது, டிஸ்க் மட்டும் எப்படியோ சேர வேண்டிய இடத்துக்குப் போய்விடுகிறது என்றால் ஒரு மாதம் மிட்ரேஞ்சில் மட்டும் ஃபோர்ஹேண்ட் பழகுங்கள். நடுவிரலை விளிம்பின் உள்பக்கம் இறுக்கமாக ஒட்டி வையுங்கள், உள்ளங்கை வானத்தைப் பார்க்கட்டும், விட்ட பிறகும் கை கவிழக் கூடாது. கை கவிழ்வதுதான் தள்ளாட்டம்.

விளிம்பு அகலமும் கையில் பொருந்த வேண்டும். ஸ்பீட் 9 டிஸ்க்கில் விளிம்பு 2 செ.மீ.யை ஒட்டி இருக்கும், ஸ்பீட் 12க்கு மேல் 2.2 செ.மீ.யும் அதற்கு மேலும். சிறிய கை என்றால் ஸ்பீட் 7 பான்ஷீயில் ஃபோர்ஹேண்ட் ரொம்பச் சுகமாக இருக்கும்.

விழுந்த இடத்தில் நிற்பதில்லை

கூடைக்கு 30 அடி முன்னால் அழகாக இறங்குகிறது, அங்கிருந்து வழுக்கிக்கொண்டு இடப்பக்கம் இன்னும் 40 அடி. கலிஃபோர்னியாவில் சாண்டா குரூஸ் டெலவேகா மாதிரி சரிவும் காய்ந்த மண்ணுமாக இருக்கும் கோர்ஸில் இது உயிரை வாங்கும். அங்கே வழுக்குவதோடு நிற்காது, விளிம்பில் எழுந்து உருண்டு பள்ளத்தாக்கைப் பார்க்கக் கிளம்பிவிடும்.

தாழ்வாக, வேகமாக, சாய்ந்து தரையைத் தொட்டால் வழுக்கத்தான் செய்யும். நிற்க வேண்டும் என்றால் உயரமாக, செங்குத்தான ஹைசரில் விட்டுக் கத்தி போல் தரையில் குத்தவையுங்கள். இதற்கு ஃபயர்பேர்டைவிடப் பொருத்தமான டிஸ்க் கிடையாது, ஏனென்றால் கிளைட் குறைவு, சாய்ந்த கோணத்தை விட்டு நிமிராது. கெட்டியான பிளாஸ்டிக்கைவிட மிருதுவானது தரையைக் கொஞ்சம் பிடிக்கும். ஈரப் புல்லில் எந்தப் பிளாஸ்டிக்கும் வழுக்கும், அதை முன்கூட்டியே கணக்கில் வைத்துக் கூடைக்கு வலப்பக்கம் குறிவையுங்கள். மரங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் கூடைக்கு இந்த வழுக்கலே வழியாகவும் ஆகும்.

அன்ஹைசரில் விட்டால் திரும்பவும் சீக்கிரம் நிமிர்ந்துவிடுகிறது

ஃப்ளெக்ஸ் ஷாட்டில், அதாவது ஹைசருக்கு எதிராக வலப்பக்கம் சாய்த்து (அன்ஹைசரில்) விடும்போது, டிஸ்க் வலப்பக்கம் போய்விட்டுப் பிறகு இடப்பக்கம் வர வேண்டும், உங்களுக்கோ வலப்பக்கம் போவதே இல்லை. உயரம் போதவில்லை, அல்லது சாய்வு போதவில்லை. இரண்டையும் கூட்டிப் பார்த்தும் ஆகவில்லை என்றால் ஒரு படி குறைந்த ஃபேட் உள்ளதற்கு மாறுங்கள். ராப்டரும் எஃப்டி3யும் இரண்டுமே 9/4/0/3, ஃப்ளெக்ஸுக்கு ஃபயர்பேர்டைவிட இலகுவாக வளைந்து கொடுக்கும்.

ஊர் மாறியதும் எல்லா டிஸ்க்கும் இடப்பக்கம் இழுக்கிறது

ஹூஸ்டனில் நேராகப் போனது டென்வரில் இழுக்கிறதா? டென்வர் கடல் மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரம். காற்று மெலிந்தது, டர்ன் குறைகிறது, ஃபேட் முந்திக்கொள்கிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டாம், பையை ஒரு படி இறக்குங்கள்: ஃபயர்பேர்ட் இருந்த வேலைக்குத் தண்டர்பேர்ட், தண்டர்பேர்ட் இருந்த வேலைக்கு அதைவிடக் குறைந்தது. உண்மையான ஓவர்ஸ்டேபிள் ஒன்று மட்டும் கிடக்கட்டும், மலைக் காற்று எப்போது மாறும் என்று சொல்ல முடியாது.

முன்பு நன்றாக இருந்தது, இப்போது நேராகப் போகிறது

மரத்தில் அடித்து அடித்து விளிம்பு மழுங்கிவிட்டது. டிஎக்ஸ் பிளாஸ்டிக்கில் இது ஒரு சீசனுக்குள்ளேயே தெரியும், சாம்பியனில் பல வருடம் பிடிக்கும். விரலை விளிம்பின் முனையில் ஓட்டுங்கள். பள்ளம், சொரசொரப்பு, நூலாகப் பிரிந்த பிளாஸ்டிக் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. மேசையில் வைத்து எட்டத்தில் நின்று பாருங்கள், ஒரு பக்கம் தூக்கி நிற்கிறதா என்று. வெயிலில் காரின் பின்பெட்டிக்குள் கிடந்த டிஸ்க்குகளுக்கு இந்த வளைவு வரும், கையாலேயே எதிர்ப்பக்கம் மெதுவாக வளைத்துச் சமப்படுத்தலாம்.

தேய்ந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். புதிது ஒன்று வாங்கி, பழையதை அப்படியே வைத்துக்கொண்டால் பழக்கமான பிடியில் இரண்டு விதமான பறத்தல் கிடைக்கும்: புதிது காற்றுக்கும் குத்து ஹைசருக்கும், பழையது லேசான முடிவோடு நேராகப் போவதற்கு. வேண்டுமென்றே பழைய சாம்பியன் ஃபயர்பேர்டைத் தேடி வாங்குபவர்களும் உண்டு. நீங்களும் பழையது வாங்குவதாக இருந்தால் மேல்பக்கப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாமல், விளிம்பைச் சுற்றிப் பக்கவாட்டில் எடுத்த படம் ஒன்று கேட்டு வாங்குங்கள். அடிப்பக்கத்தில் முந்தைய ஆள் பெயரும் போன் எண்ணும் மையில் எழுதியிருந்தால் விற்பவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், தண்ணீரிலிருந்து எடுத்து விற்கப்படும் டிஸ்க்குகள் நிறையச் சுற்றுகின்றன.